அரைத் திருகு

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
வைக்கோல் லாரி, தேங்காய் லாரி, எம்-சாண்ட் லாரி
ஏறி நிற்கும். எண் சொல்லும். இறங்கிப் போகும்.
பகலில் சுசூகி.

எண்பத்தைந்தாம் வருஷத்து வண்டி.
பாலக்காட்டுச் சித்தூரில் கலால் ஏலத்தில்
நாலாயிரத்து இருநூறுக்கு எடுத்தேன்.
ஸ்பிரிட் கடத்திய வண்டியாம்,
டேங்கில் இன்னும் அந்த வாடை இருக்கும் என்றான் ஏலக்காரன்.
எனக்கு எட்டியது எலி வாடைதான்.
சக்கரக் கம்பிகளில் கோவைக்கொடி ஏறிக்
காய்த்தும் இருந்தது.

என்னென்ன இல்லை என்று எழுத உட்கார்ந்தேன்.
தாள் தீர்ந்தது.
என்னென்ன இருக்கிறது என்று மாற்றி எழுதினேன்.
பஸ் டிக்கெட் போதுமாயிருந்தது.

கிக்கர் உக்கடத்தில்.
தனியாகத் தரமாட்டார்களாம்,
குவியலோடு ஏழு கிலோ தூக்கி வந்தேன்.
வலப்பக்க மூடி கொழிஞ்சாம்பாறை முக்கில்
பச்சைப் பெயின்ட் அடித்து
கள்ளுக்கடைக்கு அம்புக்குறியாகத் தொங்கியது.
அதைக் கழற்றிய சாயங்காலம்
எத்தனை பேர் வழி தவறி
வீட்டுக்குப் போனார்களோ.

கார்புரேட்டர் மட்டும்
"கிட்டும்" என்றார் காஜா ராவுத்தர்.
மாசியில் கிட்டும். ஓணத்துக்குக் கிட்டும்.
பொறுக்காமல் புதுசாக ஒரு சீனத்துச் சரக்கைப் பூட்டினேன்.
இரவல் பல்செட்டில் பேசுகிற ஆள் மாதிரி
ஓடியது வண்டி.

பிறகு முதலமடை.
மாந்தோப்புக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில்
அதே வண்டி, அதே வருஷம், அதே கருஞ்சிவப்பு.
வேலாயுதன், மாம்பழப் பெட்டிக்கு ஆணி அடிப்பவர்,
வாயில் நாலு ஆணியோடு என்னைப் பார்த்தார்.
கார்புரேட்டரில் ஜப்பான் முத்திரை
துடைத்து வைத்த வெள்ளிப் பல்லாய் மின்னியது.
வண்டிக்குக் காயில் செத்து ஆறு வருஷம்.
என் ஏழு கிலோவில் காயில் ஒன்று உயிரோடு இருந்தது.

"விற்க மாட்டேன்."
"நானும்தான்."
பெட்டிகள் இரண்டு முடியும் வரை
ஆணிச் சத்தம் மட்டும்.

"காயில் இவங்க வச்சுக்கட்டும்.
அது ஒரு வாரம் இங்க, ஒரு வாரம் அங்க,"
காய்களை எண்ணுவதை நிறுத்தாமலே
தீர்ப்புச் சொன்னாள் தேவகி.

அப்படித்தான் கொல்லங்கோடு பஸ்ஸில்
ஞாயிறுதோறும் எல்லை தாண்டுகிறது அது.
போகையில் தமிழ்ப் பேப்பர் சுற்றி,
வருகையில் மலையாளப் பேப்பர் சுற்றி.
ஒருமுறை செக்போஸ்ட்டில் பிரித்து முகர்ந்து
"என்னதிது?" என்றார்கள்.
"கார்புரேட்டர்" என்றார் கண்டக்டர் ஜோஷி.
"யாரோடது?" என்றதற்கு
அவருக்குப் பதில் தெரியவில்லை.

ஆளில்லாத ஓர் இரவு
எடைமேடை நடுவில் அதை வைத்துப் பார்த்தேன்.
அறுபது டன் தாங்கும் மேடை
பூஜ்யம் என்றது.

அவருக்குத் தோப்பு மேடு.
காற்றுத் திருகை அரைச் சுற்று இறுக்கி வைப்பார்.
எனக்குச் சமதரை.
வந்ததும் அரைச் சுற்றுத் தளர்த்துவேன்.
போனில் நாங்கள் பேசுவதில்லை,
இதுவே போதும்.

இந்த ஞாயிறு பொட்டலத்தைப் பிரித்தேன்.
திருகு, நான் வைத்த இடத்திலேயே.
ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு
இன்னொரு தரம் பார்த்தேன்.
சுற்றியிருந்ததும்
போன வாரம் நான் சுற்றிய தமிழ்ப் பேப்பர்,
அதே மடிப்பில்.

மாங்காய் இறங்கும் மாதம்.
வண்டி எடுக்காமல் இருக்கமாட்டார்.

பூட்டினேன். மூன்றாம் உதையில் பிடித்தது.
தளர்த்தவில்லை, இறுக்கவுமில்லை.
செக்போஸ்ட் பக்கம் திருப்பினேன்.